பிசிறுவெட்டிகளின் ஒப்புத் தேர்வு

காலை ஏழரைக்குச் சாப்பாட்டு வண்டி வரும். ஓட்டுநர் கிடையாது, ஹாரன் கிடையாது. உருண்டு வந்து கதவு கதவாக நிற்கும். எங்கள் லைன் வீட்டில் பத்துக் கதவுகள். முதல் கதவில் நின்று மூடியைத் திறந்து, ஆவி பறக்கும் இட்லித் தட்டை நீட்டும். பிறகு இரண்டாவது கதவு, மூன்றாவது கதவு. நான்காவது எங்களுடையது. அங்கே வேகத்தைக்கூடக் குறைக்காது. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டைத் தாண்டுகிற மாதிரி தாண்டி, ஐந்தாவது கதவுக்குப் போய்விடும். நான் பழைய சோற்றை டப்பாவில் அடைத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற நேரமும் அதுதான்.

பத்தில் ஏழு ஓய்வு வீடுகள், மூன்று உழைப்பு வீடுகள். ஒரு தொழிலை இயந்திரம் முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டது என்று அரசாங்கம் முத்திரை குத்திவிட்டால், அந்தத் தொழில்காரர் அத்தனை பேருக்கும் ஓய்வுப்படி வந்துவிடும். சோறு, வாடகை, வைத்தியம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதில் அடக்கம். துணி வெட்டுகிறவர்களுக்கு முதலில் முத்திரை விழுந்தது. லாரி ஓட்டுகிறவர்களுக்கு, கணக்கு எழுதுகிறவர்களுக்கு விழுந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் திருப்பூர்த் தையல்காரர்களுக்கும் விழுந்தது. இயந்திரம் சீந்தாமல் ஓரஞ்சாரத்தில் விட்டுவைத்த தொழில்கள் கொஞ்சம் இருந்தன. அதில் எங்களுடையது ஒன்று.

நாங்கள் பிசிறு வெட்டுகிறவர்கள். தைத்து வந்த துணியில் துருத்திக்கொண்டிருக்கிற நூலைக் கத்தரித்து, ஓட்டை, கறை, தையல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, நல்லதைப் பச்சைக் கூடையிலும் கெட்டதைச் சிவப்புக் கூடையிலும் போட வேண்டும். பத்து மணி நேரம் நின்றபடியே செய்கிற வேலை. அதற்குக் கிடைக்கிற சம்பளம், பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள். எங்கள் தெருவில் குந்தித் தின்றவர்களுடைய குன்று கொழுத்துக்கொண்டே போனது. எனக்கு வயிறு எரியும். பொய் சொல்வானேன், நன்றாகவே எரியும்.

வேலையை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். தானாக விட்டவர்களுக்கு ஐந்து வருஷம் படி கிடையாது. உடம்பு முடியாமல் ஒருவர் விட்டாலும், வீட்டில் இன்னொருவர் உழைத்தால் அது உழைப்பு வீடுதான். உடம்பு முடியாமல் விட்டவர் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து. பதினெட்டு வருஷம் என்னோடு அதே மேஜையில் பிசிறு வெட்டியவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. அந்த இன்னொருவர், தெய்வானை என்கிற நான்.

ஓய்வு வீட்டுக்காரர்களுக்கு வாரத்தில் மூன்று முறை டயாலிசிஸ் உண்டு. உழைப்பு வீட்டுக்காரர்களுக்கு வாரத்துக்கு ஒன்று. “சம்பாதிக்கறவங்க மிச்சத்தை வெளியே பாத்துக்கலாம்” என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதாம். என்னுடைய ஒரு மாதச் சம்பளத்தில் வெளியே இரண்டு முறை பார்க்கலாம், சோறு தண்ணி இல்லாமல் இருந்தால். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “வாரத்துக்கு ஒண்ணை வச்சு ஆடி வரைக்கும் தள்ளலாம்மா. மூணு கிடைச்சா இன்னும் பத்து வருஷம்கூட இருப்பார். நான் வேற என்ன சொல்றது?” அப்போது சித்திரை மாதம்.

ஒருநாள் காலையில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. ஆட்டோ வாசலில் நின்றது. நான் ஒருத்தியாக அவரைத் தூக்க முடியாமல், “அக்கோவ், சித்த ஒரு கை புடிங்க்கா!” என்று கத்தினேன். ஐந்தாம் கதவு பூவாத்தா ஓடி வந்தாள். பழைய தையல்காரி, ஐம்பது வயதிருக்கும், நல்ல திடகாத்திரம். வாசற்படி வரைக்கும் வந்தவள் கையை நீட்டினாள். நீட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டாள்.

“அம்மிணி... ஆளைத் தூக்கறது பராமரிப்பு வேலைன்னு கைமானி எழுதிப்போடும்,” என்றாள்.

கைமானி என்பது எல்லோர் மணிக்கட்டிலும் கட்டியிருக்கிற பட்டை. நாங்கள் எவ்வளவு உழைத்தோம் என்று எங்கள் கையில் இருப்பது கணக்கெடுக்கும். ஓய்வு வீட்டுக்காரர்கள் அடுத்தவருக்கு வேலை எதுவும் செய்துவிடவில்லையே என்று அவர்கள் கையில் இருப்பது காவல் இருக்கும். பூவாத்தா ஒருதரம் யாருக்கோ ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக் கொடுத்து மூன்று மாதப் படியை இழந்தவள். அது எனக்கும் தெரியும். தெரிந்தும், வாய் சும்மா இருக்கவில்லை.

“உக்காந்து திங்கற கொழுப்பு! என்ற புருசன் செத்தா பொணத்தையாவது தொடுவீங்களா, இல்ல அதுக்கும் பட்டை எழுதிப்போடுமா?”

நான் அவரைத் தரதரவென்று இழுத்துத்தான் ஆட்டோவில் ஏற்றினேன். அவர் எனக்கு வலிக்கக் கூடாதே என்று சிரித்துக்கொண்டே வந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

எங்களுக்கு இருந்த ஒரே வழி ஒப்புத் தேர்வு. வருஷா வருஷம் வைகாசியில் நடக்கும். எங்கள் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற இயந்திரம் ஒன்றுண்டு. நீளமான மூக்கால் குனிந்து குனிந்து கொத்துவதால் நாங்கள் அதைக் கொக்கு என்போம். அது நூறு பீஸ் பார்த்து, எல்லாம் நல்லது என்று தள்ளும். அதே நூறு பீஸை எங்களில் சீட்டு விழுந்த ஒருவர் மறுபடி பார்க்க வேண்டும். கொக்கு தவறவிட்ட குறை ஒன்றே ஒன்றைக் கை கண்டுபிடித்துவிட்டாலும், தொழில் இன்னும் சாகவில்லை என்று அர்த்தம். இன்னொரு வருஷம் உழைக்க வேண்டியதுதான். ஒன்றும் கண்டுபிடிக்காவிட்டால் முத்திரை விழும். நானூற்றுப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் அன்றைக்கே ஓய்வுப்படி.

ஆக, ஊரில் எல்லோரும் ஜெயிக்கணும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வார்கள், நாங்கள் தோற்கணும் என்று நேர்ந்துகொள்வோம். ஆனால் கண்டுபிடித்துவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது. உடம்பு துணுக்குற்றால் கைமானி காட்டுகிற நாடிக் கோடு திரையில் துள்ளிக் காட்டிக்கொடுத்துவிடும். மோசடி என்று தெரிந்தால் தொழில் முழுவதுக்கும் பத்து வருஷம் தேர்வே கிடையாது. போன வருஷம் குமரேசன் என்கிற பையன் அக்குளில் ஒரு தையல் விட்டுப்போயிருந்ததைப் பார்த்துவிட்டான். கோடு துள்ளியது, அவனும் சொல்லிவிட்டான். அதன் பிறகு ஒருத்தரும் அவனோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. இரண்டே மாதத்தில் ஊரை விட்டே போனான்.

இந்த வருஷம் சீட்டு என் பேருக்கு விழுந்தது.

சீட்டு குலுக்கிய கூடத்தில் எல்லோர் முகமும் தொங்கிப்போனது. காரணம் இருக்கிறது. என் கையைத் தாண்டி ஒரு ஓட்டை வெளியே போனதாகச் சரித்திரமே கிடையாது. இருபத்தொரு வருஷம் கம்பெனியில் அதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தலைக்கனம் ஏற்றிவிட்டிருந்தார்கள். எங்கள் சங்கத் தலைவர் ராக்கியப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“போச்சு! இவளுக்கா வுழோணும்? இவ இருட்டுல வச்சாலும் கண்டுபுடிச்சுப்போடுவா.”

“ஏனுங்ண்ணா, நானா வேணும்னு சீட்டு எடுத்தேன்? என்ற வூட்டுக்காரர் உசுரே இதுலதான் தொங்குது!” என்று நான் கத்தினேன்.

“கத்தாத அம்மிணி. இருவத்தாறு நாள் இருக்குது. உம்பட கையை நாங்க கெடுத்துப்போடறோம்,” என்றார் அவர்.

அப்படித்தான் ஆரம்பித்தது. என் மேஜை வேலையை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்குபோட்டுச் செய்தார்கள். நான் கத்தரியைத் தொடக் கூடாது, துணியைத் தொடக் கூடாது. வேலையை மறப்பதுதான் என் வேலை. கத்தரி பிடிக்கிற வலது கையை மரத்துப்போக வைக்க வேண்டும் என்று கூடிப் பேசி முடிவுசெய்தார்கள். காயம் பட்டால் தேர்வைத் தள்ளிவைத்துவிடுவார்கள், அதனால் காயம் தெரியாமல் கெடுக்க வேண்டும். தினமும் சுண்ணாம்பு குழைத்தேன். செங்கல் பொடியால் ஊர்ப் பாத்திரமெல்லாம் தேய்த்தேன். வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருவேலம்பட்டை போல ஆயின. இருபது நாளில் ஊசியால் தொட்டாலும் தெரியவில்லை. ராக்கியப்பன் சோதித்துப் பார்த்துவிட்டு, “சாமி இருக்குதய்யா!” என்று துள்ளினார். யாரோ எனக்கு ஆட்டுக்கறிக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். கை வேலைக்கு ஆகாமல் போனதற்கு விருந்து வைத்தது எங்கள் ஆட்களாகத்தான் இருக்கும்.

தேர்வுக்கு மூன்று நாள் முன்பு பொழுது சாயும்போது பூவாத்தா வந்தாள். நான் முகம் கொடுக்கவில்லை. அவளாகவே கதவோரம் உட்கார்ந்தாள்.

“அம்மிணி, தையல்காரங்க தேர்வுல ஒக்காந்தது யாருன்னு உனக்குத் தெரியுமா?”

“யாரு?”

“நாந்தேன்.”

எனக்கு அது தெரியாது. பக்கத்து வீட்டில் ஆறு வருஷம் இருந்திருக்கிறேன், கேட்டதில்லை.

“எல்லாரும் தோத்துப்போன்னு சொன்னாங்க. எனக்கு மனசு வரலை. நான் ஜெயிக்கத்தான் தெச்சேன். முப்பது வருசத் தொழிலாச்சே, ஒரு மிசினுகிட்ட விட்டுக்குடுக்கறதான்னு உசுரைக் குடுத்துத் தெச்சேன். தோத்தேன். நெசமாவே தோத்தேன். மூவாயிரம் பேரு என்னைத் தூக்கி வச்சுக்கிட்டு ஆடறாங்க, மாலை போடறாங்க. நான் மூணு நாள் சோறு திங்கலை.”

“அதான் இப்ப வேளைக்கு வண்டியில வருதே!” என்றேன். வாய்க் கொழுப்பு எனக்குச் சாகும்வரை போகாது.

அவள் கோபப்படவில்லை. “வருது. திங்கறேன். உன்ற வூட்டுக்காரரைத் தூக்க வந்து கையை இழுத்துக்கிட்டேன் பாரு, அன்னிக்கிருந்து அந்தச் சோறு எறங்க மாட்டேங்குது. நீ பத்து மணி நேரம் நின்னு சாகறே. நான் பத்து மணி நேரம் உக்காந்து சாகறேன். எது மேலுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. உனக்கு வைத்தியம் வேணும், அதனால தோத்துப்போ. ஆனா தோத்த பொறவு சந்தோசமா இருக்கும்னு மட்டும் நெனைக்காதே, சொல்லிப்போட்டேன்.”

“மூணு டயாலிசிஸ் கெடைச்சா நான் சந்தோசமாத்தான் இருப்பேன்க்கா,” என்றேன். அவள் தலையாட்டிவிட்டு எழுந்து போனாள்.

தேர்வு நாள் வந்தது. கூடத்தின் நடுவில் ஒரு மேஜை. ஒரு பக்கம் கொக்கு, எதிரே நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் நானூறு பேரும் நெருக்கியடித்து நின்றார்கள். நாச்சிமுத்து வந்தே தீருவேன் என்று அடம்பிடித்து வந்திருந்தார். அவருக்கு மட்டும் உள்ளே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். முகம் ஊதி, கண் இடுங்கி, ஆளே மாறியிருந்தார். ஓய்வுப்படித் துறை அதிகாரி சென்னையிலிருந்து வந்திருந்தார். கார்முகிலன் என்று பேர், முப்பது வயதுக்குள் இருக்கும். மரியாதையான பிள்ளை. என் மணிக்கட்டைத் தொடுவதற்கு முன்னால்கூட அனுமதி கேட்டார்.

கொக்கு நூறையும் பார்த்து முடித்தது. மூன்று மாதக் குழந்தைகளுக்கான சட்டைகள். வெள்ளைத் துணி, பஞ்சு மாதிரி. ஒரு நூல்கூடத் துருத்தவில்லை. சனியன் பிடித்த இயந்திரம், அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தது. எனக்கு அதன் மேல் அன்று பிரியமே வந்தது.

நான் ஆரம்பித்தேன். திரையில் என் கோடு முதல் பீஸிலிருந்தே எகிறிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எகிறியது. பத்து, இருபது, ஐம்பது. ஒன்றும் இல்லை. வலது கை கட்டை மாதிரி கத்தரியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அறுபது ஆனது. கண்ணாடிக்கு வெளியே ராக்கியப்பன் இரண்டு கையையும் கூப்பியபடி நின்றார். எழுபது ஆனது. ஒன்றும் இல்லை. ‘அம்மா தாயே, இன்னும் இருபத்தொன்பதுதான்’ என்று எண்ணிக்கொண்டே எழுபத்திரண்டை எடுக்கப்போனேன்.

அப்போதுதான் பார்த்தேன். எழுபத்தொன்று சிவப்புக் கூடையில் கிடந்தது.

நான் போடவில்லை. என் இடது கை போட்டிருந்தது. இப்போது சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். கத்தரி பிடிப்பதுதான் வலது கை. துணியைத் திருப்புவது, கழுத்துக்குள் கட்டைவிரலை விட்டு ஒரு சுற்று ஓட்டுவது எல்லாம் இடது கை. அது ஓடுவது எங்களுக்கே தெரியாது. எங்கள் தொழிலில் கத்தரிக்குத்தான் மரியாதை, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதும் கத்தரிக்குத்தான். நானூறு பேர் இருபத்தாறு நாள் கூடிக் கூடிப் பேசி, என் வலது கையைக் கெடுத்தார்கள். ஒருத்தருக்காவது இடது கை ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. பாழாய்ப்போன எங்கள் பெருமை எல்லாம் கத்தரியில் இருந்தது.

கழுத்துத் தையலுக்குள் ஒரு துணுக்கு இருந்தது, என் இடது கட்டைவிரலுக்கு அது தெரிந்திருந்தது. ஊசி முனை. இப்போதைய தையல் இயந்திரங்களில் பீங்கான் ஊசி, அதனால் உலோகம் தேடுகிற கருவிக்குப் பிடிபடாது. மடிப்புக்கு உள்ளே இருப்பதால் கொக்கின் கண்ணுக்கும் தெரியாது. கொசு மூக்களவுதான். ஆனால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அழுகிற குழந்தைக்கு ஏன் அழுகிறோம் என்று சொல்லத் தெரியாது.

கார்முகிலன் எழுந்து வந்து அதை எடுத்தார். கொக்கின் கண்ணுக்கு நேரே பிடித்தார். பச்சை விளக்கு எரிந்தது. தானும் தடவிப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா. உங்க கோட்டைப் பாத்துச் சொல்லலாம்னா, காலையிலேர்ந்து அது குதிச்சுக்கிட்டேதான் இருக்கு. அதனால நீங்க சொல்றதுதான் சாட்சி. ஏதாவது தொட்டு உணர்ந்து போட்டீங்களா, இல்ல கை தவறி விழுந்துச்சா? உணர்ந்துதான் போட்டேன்னா பிரிச்சுப் பாத்துடலாம். தவறித்தான்னா பச்சைக் கூடைக்குப் போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க.”

நான் நாச்சிமுத்துவைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. என் இடது கட்டைவிரல் கழுத்தில் ஒரு நொடி நின்றதை அவர் பார்த்திருக்கிறார். அவர் பிசிறு வெட்டியவர், அந்த நிற்றலுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதா? சொல்லு என்று ஒரு ஜாடை காட்டியிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லாதே என்று காட்டியிருந்தால், பாவத்தில் பாதியை அவர் தலையில் போட்டிருப்பேன். அவர் ஒன்றும் காட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம் வந்ததில்லை.

“கை தவறிருச்சுங் சார்,” என்றேன்.

“நிச்சயமா?”

“நிச்சயமாங். என்ற கைக்கு ஒண்ணும் தெரியலீங்.”

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டி, என் விரல் ரேகையை வாங்கிக்கொண்டார். மரத்துப்போன வலது கட்டைவிரல் ரேகை விழவில்லை, இடது கையைக் கேட்டார். கொடுத்தேன். பிறகு அந்தச் சட்டையை நீவி மடித்துப் பச்சைக் கூடையில் வைத்தார்.

மிச்சம் இருபத்தொன்பதையும் பார்த்து முடித்தேன். ஒன்றும் இல்லை. கூடையைத் தூக்கிப் பெட்டி கட்டுகிற இயந்திரத்திடம் வைக்கப்போனார்கள். என்னால் முடியவில்லை.

“சார், அந்தப் பீஸை மட்டும் எடுத்துருங் சார்.”

“ஏன்மா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நானூறு முகம். “கூடையில வுழுந்த பீஸுங்... அழுக்கு ஒட்டியிருக்கும்,” என்றேன்.

அவர் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “சுத்தமா இருக்கேம்மா.”

“அப்ப நானே வெலைக்கு வாங்கிக்கறனுங். கடேசியா பாத்த வேலை. ஞாபகத்துக்கு.”

“தேர்வுப் பீஸ் நூறும் பெட்டிக்குப் போகணும். ஒண்ணு குறைஞ்சாலும் தேர்வு செல்லாது.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அம்மா, அதுல ஏதாவது இருக்கா? இருந்தா இப்பக்கூடச் சொல்லுங்க. நான் பிரிக்கறேன். மோசடின்னு எழுத மாட்டேன், பயத்துல முதல்ல மறைச்சுட்டாங்கன்னு எழுதிக்கறேன். ஆனா தொழில் உயிரோட இருக்குன்னு எழுதித்தான் ஆகணும்.”

நல்ல பிள்ளை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாற்காலியில் என் வீட்டுக்காரர் மூச்சு வாங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தம் ஆடிவரைக்கும் கேட்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“ஒண்ணுமில்லீங் சார்,” என்றேன்.

பெட்டி மூடியது. முத்திரை விழுந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு எல்லோரும் உள்ளே பாய்ந்தார்கள். ராக்கியப்பன் குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள், யாரோ என்னை இடுப்போடு தூக்கிவிட்டார்கள். “எங்க கொலசாமி நீ!” என்று ஒரு கிழவி என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அவள் அறுபத்தெட்டு வயது வரைக்கும் நின்றுகொண்டே உழைத்தவள். அவளுக்கு இனி உட்காரக் கிடைக்கும். அதை நினைத்து எனக்கு நிஜமாகவே மனம் நிறைந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். தலைகளுக்கு மேலே மிதந்தபடி, பெட்டி கதவு வழியாக வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது. திங்கள், புதன், வெள்ளி.

மூன்றாவது வாரத்தில் அவர் கால் வீக்கம் வற்றிவிட்டது. நான்காவது வாரம் தானாக எழுந்து நடந்தார். ஆடி பிறந்தது. ஆடிப்பெருக்கும் வந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, வார்டில் படுத்திருந்தார். பக்கத்தில் இயந்திரம் அவர் ரத்தத்தை வாங்கிக் கழுவித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தது. பூவாத்தா சொன்னது பொய், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் தூங்குகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“எங்க இருந்துச்சு புள்ள? கழுத்துலயா?”

அன்றைய தேதி வரைக்கும் நாங்கள் அதைப் பேசியதே இல்லை.

“பின்கழுத்துல. லேபிள் தெச்ச எடத்துக்குக் கீழ.”

அவர் இயந்திரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கடையில பாத்து எடுத்துப்போட்டிருப்பாங்க,” என்றார்.

யார் எடுப்பார்கள்? கடையில் இருப்பதும் இயந்திரம், கப்பலில் ஏற்றுவதும் இயந்திரம். அந்தச் சட்டையை இனிமேல் தொடப்போகிற கை, குழந்தைக்குப் போட்டுவிடுகிற தாயுடைய கை மட்டும்தான். அது அவருக்கும் தெரியும். என்னிடம் அப்படிச் சொன்னால் நான் ராத்திரி கண்ணை மூடுவேன் என்று நினைத்திருப்பார். பாவம், அவரும் கண்ணை மூட வேண்டுமே.

“ஆமாங் மாமா,” என்றேன். “எடுத்துப்போட்டிருப்பாங்க.”